சிறு எம்பிராய்டரி தொழிலுக்கான பொருள்கள், சேவைகள், ஆர்டர்கள்: தேர்ந்தெடுக்கும் முறை

ஒரே ஹெட் (பல ஊசிகள் கொண்ட தைக்கும் தலை) உள்ள எம்பிராய்டரி மெஷினை வைத்துத் தொழில் செய்பவர், நூல் வாங்கும்போதும், டிசைன் போட்டுத் தருபவரைத் தேடும்போதும், ஆர்டரை ஏற்கும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதனால் மெஷின் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதாகும். விலை அதற்கு அடுத்த கேள்வி. சட்டையின் இடது மார்பில் வரும் 8,000 தையல் கொண்ட லோகோவை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 750 தையல் வேகத்தில் ஓடினால் தைக்கும் நேரம் 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நிறம் மாறவும் நூல் வெட்டவும் துணியை மாற்றி மாட்டவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் சட்டைக்கு 15 நிமிடம், அதாவது மணிக்கு 4 சட்டை என்று கொள்ளலாம். ஒவ்வொரு சட்டையிலும் நூல் இரண்டு முறை அறுந்து, ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் வீணானால் அதே சட்டைக்கு 18 நிமிடம் ஆகிறது. நாளின் உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த லோகோவுக்குச் செலவாகும் மேல்நூலோ, 1,000 தையலுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 மீட்டர் என்ற கணக்கில், 50 மீட்டருக்குள் அடங்கும். 5,000 மீட்டர் கோன் ஒன்றில் இத்தகைய சட்டைகள் நூறு முடியும். மலிவான நூலால் மிஞ்சுவது எவ்வளவு, இழப்பது எவ்வளவு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நூல், பாபின், ஊசி

பொதுவான வேலைகளுக்கு 40 எண் நூல் போதும். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும் என்பதால், சிறிய எழுத்துகளுக்கு 60 எண் நூலைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ரேயான் நூலுக்கு மென்மையான பளபளப்பு உண்டு. ஆயினும் ஈரத்தில் அது வலுவிழக்கும், குளோரின் கலந்த வெளுப்பானைத் தாங்காது. சீருடை, துண்டு, உணவகப் பணியாளர் உடை போன்று அடிக்கடி கடுமையாகத் துவைக்கப்படுபவற்றுக்கு பாலியஸ்டர் நூலே பொருத்தமானது. தொடக்கத்தில் இரண்டு வகையையும் வாங்கி அலமாரியை நிரப்புவதைவிட, பாலியஸ்டரில் ஒரே தயாரிப்பாளரின் நூலை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. தயாரிப்பாளர் மாறும்போது நூலின் வழுவழுப்பும் தடிமனும் சற்று மாறுகின்றன. ஊசிக்கு ஊசி டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, திருத்தும் வேலை அதனால்தான் வருகிறது.

கருப்பு, வெள்ளை, கருநீலம், சிவப்பு ஆகியவற்றை 5,000 மீட்டர் கோனாகவும், எப்போதாவது தேவைப்படும் நிறங்களை 1,000 மீட்டர் கோனாகவும் வாங்கலாம். நிறம் தேர்வதற்கு, உண்மையான நூல் சுற்றி ஒட்டப்பட்ட நிற அட்டையை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். கைப்பேசித் திரையிலும் அச்சிட்ட தாளிலும் நிறம் வேறாகத் தெரியும். ஒரே நிற எண் கொண்ட நூலும் சாயத் தொகுதிக்குத் தொகுதி மெல்ல மாறக்கூடும் என்பதால், பெரிய ஆர்டருக்கான நூலை ஒரே முறையில் வாங்கிவிடுவது பாதுகாப்பானது. ஜரிகை போன்ற உலோகப் பூச்சு நூலுக்கு அகன்ற காது கொண்ட ஊசியும் குறைந்த வேகமும் தேவை. அந்த வேலைக்கு விலை சொல்லும்போது வேகம் குறைவதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பலர்.

கீழ்நூல் சுற்றிய சிறு உருளையான பாபினைப் பொறுத்தவரை, ஆலையிலேயே சுற்றப்பட்டு வருவதை வாங்குவது சிறு தொழிற்கூடத்துக்கு இலாபமே. அதில் நூல் அதிகம் கொள்ளும், சுற்றும் சீராக இருக்கும், பாபின் மாற்றுவதற்காக மெஷினை நிறுத்த வேண்டிய தடவைகளும் குறையும். டென்ஷன் சரியா என்று அறிய, நெருக்கமாக அருகருகே விழும் சாட்டின் தையலின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் இருபுறமும் மேல்நூலும் தெரிந்தால் சரி. டென்ஷனை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் எல் வகை பாபினுக்கு 18 முதல் 22 கிராம் வரை வைக்கிறார்கள். டென்ஷன் திடீரென்று மாறினால் திருகைத் தொடுவதற்கு முன் பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சை ஒரு தாளின் முனையால் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் அத்துடன் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஊசியில் 75/11 அளவு பொதுப் பயன்பாட்டுக்கு உரியது. 60 எண் நூலுக்கு 65/9, தடித்த தொப்பிக்கும் கேன்வாஸுக்கும் 80/12 என்று வைத்துக்கொள்ளலாம். பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசியும் நெய்த துணிக்குக் கூர்முனை ஊசியும் வேண்டும். டி-சட்டையில் தையலைச் சுற்றிச் சிறு ஓட்டைகள் விழுந்தால் முதலில் ஊசி முனையைச் சந்தேகிக்கலாம். வணிக மெஷின்கள் பெரும்பாலும் உருண்டைத் தண்டு ஊசியையும், வீட்டு மெஷின்கள் ஒருபக்கம் தட்டையான தண்டு ஊசியையும் ஏற்பவை. மொத்தமாக வாங்குவதற்கு முன் மெஷின் கையேட்டில் உள்ள ஊசி வகையைச் சரிபார்க்க வேண்டும்.

நூல் அறுந்துகொண்டே இருந்தால் எல்லோரும் உடனே டென்ஷனைத் திருப்புகிறார்கள். அதற்கு முன் எங்கே அறுகிறது என்று கவனிக்க வேண்டும். டிசைனின் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் அறுந்தால் குறை டிசைன் கோப்பில் இருக்கிறது. அங்கே தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக விழுகின்றன என்று பொருள். எந்த டிசைனானாலும் ஒரே ஊசியில் மட்டும் அறுந்தால், அந்த ஊசியையோ அதன் நூல் செல்லும் வழியையோ பார்க்க வேண்டும். எல்லா ஊசிகளிலும் அறுந்தால், மேல்நூலைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் ஹூக்கில் கீறல் இருக்கலாம், அல்லது ஊசியுடன் ஹூக் சேரும் நேரம் தவறியிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

அடித்தாளும் ஃப்ரேமும்

துணி சுருங்கி வருகிறது என்ற புகாரில் பெரும்பகுதி, துணிக்கு அடியில் வைத்துத் தைக்கும் அடித்தாளில் தொடங்குகிறது. விதி எளிது: துணி இழுபட்டால், வெட்டி நீக்கும் வகை அடித்தாள் வேண்டும்; இழுபடாத நெய்த துணிக்குக் கிழித்து எடுக்கும் வகை போதும். டி-சட்டைக்குக் கிழிக்கும் வகையை வைத்தால் மெஷினில் இருக்கும்வரை அழகாகத்தான் தெரியும். ஆனால் தையலைத் தாங்க எதுவும் மிஞ்சாததால், சில துவைப்புகளுக்குப் பின் லோகோ சுருண்டுவிடும். அதற்குள் ஆர்டர் முழுவதும் கை மாறியிருக்கும். துண்டு, கம்பளித் துணி போன்று மேற்பரப்பில் இழை எழுந்து நிற்பவற்றின் மேல் நீரில் கரையும் படலத்தை விரித்துத் தைத்தால்தான் எழுத்துகள் இழைகளுக்குள் புதையாமல் நிற்கும். இந்த மூன்று வகையும் இருந்தால் வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். அடித்தாளைச் சுருளாக வாங்குவதைவிட, துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ரேமின் அளவுக்கு வெட்டிய தாள்களாக வாங்குவது சற்றுக் கூடுதல் செலவுதான். ஒற்றை ஆளாக வேலை செய்பவருக்கு வெட்டும் நேரம் மிஞ்சும்.

ஃப்ரேமில், டிசைன் அடங்கும் அளவுகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தால் துணி அசையாமல் நிற்கும். அதைவிட முக்கியம், அதிகம் பயன்படும் அளவுகளில் இரண்டிரண்டு ஃப்ரேம் வைத்துக்கொள்வது. ஒன்று மெஷினில் ஓடும்போதே அடுத்த சட்டையை மற்றொன்றில் மாட்டி வைத்துவிடலாம். கூடுதல் ஃப்ரேமுக்குச் செலவிடும் பணம் மிக விரைவில் திரும்பிவிடும்; சிறு தொழிற்கூடம் வாங்கக்கூடியவற்றில் இதைப் போல் பயன் தருவது வேறில்லை என்றே சொல்வேன். தடித்த ஜாக்கெட், பை ஆகியவற்றுக்குக் காந்த ஃப்ரேம் உதவும். துணியில் வளையத் தழும்பும் விழாது. அதன் காந்தம் மிக வலிமையானது என்பதால் விரல்களைக் கவனிக்க வேண்டும். இதயத்துக்கான பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதைக் கையாளக் கூடாது.

டிசைன் கோப்பு

வெளியிலிருந்து வாங்கும் சேவைகளில் தொழிலின் தரத்தை அதிகம் தீர்மானிப்பது டிசைன் பஞ்சிங், அதாவது படத்தைத் தையல் கோப்பாக மாற்றும் வேலை. படத்தை அனுப்பி "எம்பிராய்டரிக்கு மாற்றித் தாருங்கள்" என்று மட்டும் சொன்னால், கிடைப்பது ஊகத்தில் செய்த கோப்பாகவே இருக்கும். டிசைனின் அகலம் மில்லிமீட்டரில், துணியின் வகை, உடையில் எந்த இடம், தட்டையான ஃப்ரேமா தொப்பி ஃப்ரேமா, எத்தனை நிறம், என்ன நூல், எந்தக் கோப்பு வடிவம் ஆகியவை அனைத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரே லோகோவாக இருந்தாலும் தொப்பிக்கு வேறு கோப்பு வேண்டும்: வளைந்த தொப்பியில் துணி ஒதுங்காமல் இருக்க, நடுவிலிருந்து இருபுறமும், கீழிருந்து மேலாகவும் தைக்க வேண்டியிருக்கிறது. 40 எண் நூலில் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள எழுத்து தெளிவாக வருவது கடினம். வாடிக்கையாளரின் லோகோவில் அதைவிடச் சிறிய வரி இருந்தால், அதை நீக்கலாமா பெரிதாக்கலாமா என்று கோப்பு செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கோப்பு வந்ததும், ஆர்டருக்கான துணியைப் போன்ற துணியில் அதே அடித்தாளுடன் மாதிரி தைத்துப் பார்க்க வேண்டும். நிரப்புத் தையலுக்கும் ஓரக் கோட்டுக்கும் இடையே துணி தெரிந்தால், தையல் துணியை உள்ளிழுப்பதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய கூடுதல் அகலம் கோப்பில் போதவில்லை. நூல் வெட்டும் இடங்களையும் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் மெஷின் வேகம் குறைத்து நின்று மீண்டும் ஓடத் தொடங்குகிறது. தேர்ந்தவர் செய்த கோப்பில் தையலின் பாதை யோசித்து அமைக்கப்பட்டிருப்பதால் வெட்டுகள் குறைவாக இருக்கும். இரண்டு பேரிடம் ஒரே லோகோவைக் கொடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் மெஷின் திரையில் தெரியும் நேரத்திலேயே புலப்படும். படத்தைத் தானாகவே தையலாக்கும் மென்பொருள்களின் கோப்புகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

மெஷினில் ஓடும் கோப்புடன், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் தருமாறு தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது. பரவலாகப் பயன்படும் டிஎஸ்டி கோப்பில் ஊசி நகரும் கட்டளைகள் இருக்குமே தவிர, நூலின் நிற விவரம் இருக்காது. ஆகவே நிற வரிசையைத் தனித் தாளில் எழுதிக் கோப்புடன் வைக்க வேண்டும். அத்தகைய கோப்பை 10 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ தையல் நெருக்கம் கெடும். மூலக் கோப்பிலிருந்து புதிதாக எடுப்பதே முறை. பஞ்சிங்கை நாமே கற்க வேண்டுமா என்றால், முதலில் பெயர்களை எழுத்துருவில் அமைக்கவும், வாங்கிய கோப்பில் சிறு திருத்தம் செய்யவும் கற்றால் போதும்.

மெஷின் மெக்கானிக்

மெஷின் வாங்குவதற்கு முன்பே, அது நின்றால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், உதிரிப் பாகங்கள் கையிருப்பில் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பழைய மெஷினானால் திரையில் மொத்தத் தையல் எண்ணிக்கையைப் பார்த்து, எல்லா ஊசிகளிலும் ஒரு வட்டத்தையும் சிறு எழுத்துகளையும் தைக்கச் சொல்லுங்கள். வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சரியாகச் சேராவிட்டால், ஃப்ரேமை நகர்த்தும் பகுதியில் தளர்வு இருக்கலாம். பாபின் கேஸ், நூல் வெட்டும் கத்தி, செக் ஸ்பிரிங் (மேல்நூலின் தளர்வைச் சரிக்கட்டும் கம்பி), ஊசித் தட்டு ஆகியவற்றில் ஒவ்வொன்று கையில் இருக்கட்டும். சுழலும் ஹூக்குக்கு வேலை நாள்தோறும் கையேடு சொல்லும் இடைவெளியில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு வந்தால் மெக்கானிக்கை அழைக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

எந்த ஆர்டரைத் தேடுவது

திரும்பத் திரும்ப வரும் ஆர்டரில்தான் சிறு தொழிற்கூடம் நிலைக்கிறது. அலுவலகங்கள், பள்ளிகள், விளையாட்டுக் குழுக்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் சீருடை லோகோவுக்குக் கோப்பும் நிறமும் ஒரு முறை முடிவானால், அடுத்த ஆர்டர் வரும்போது நேரடியாகத் தைக்கத் தொடங்கலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களிடமும், சீருடை விற்பவர்களிடமும், தையற்கடைகளிடமும் எம்பிராய்டரி கேட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னணியில் தைத்துத் தருவதாக ஏற்பாடு செய்துகொண்டால் விற்பனைக்கு அலையும் நேரம் மிஞ்சும். பேட்ச் எனப்படும் ஒட்டும் சின்னங்கள் கவனிக்கத்தக்கவை: ஒரே ஃப்ரேமில் பலவற்றைத் தைக்கலாம், ஒன்று கெட்டாலும் யாருடைய சட்டையும் பாழாகாது.

தனிப்பெயர் தைக்கும் வேலை இதற்கு நேர்மாறானது. தையல் எண்ணிக்கை குறைவாகவும், மாட்டும் நேரமும் எழுத்துப்பிழை பார்க்கும் நேரமும் அதிகமாகவும் இருக்கும் என்பதால், தையல் எண்ணிக்கையை மட்டும் வைத்து விலை சொன்னால் நட்டம் வரும். வாடகை, மின்சாரம், கூலி, மெஷின் தவணை ஆகியவற்றைக் கூட்டி மெஷின் மணிக்கு எவ்வளவு ஈட்ட வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அந்த வேலை மணிக்கு எத்தனை முடியும் என்பதால் வகுத்தால் கிடைப்பதே குறைந்தபட்ச விலை. அதன்மேல் நூல், அடித்தாள், கோப்புச் செலவு, ஆதாயம் ஆகியவை சேர வேண்டும்.

வாடிக்கையாளரே உடையைக் கொண்டுவந்தால், கெட்டுப்போகும் உடைக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். எண்ணிக்கைக்கு மேல் ஓரிரு உடைகளைச் சேர்த்துத் தரச் சொல்வது வழக்கம். மாதிரித் தையலின் படத்துக்கு அவருடைய ஒப்புதலும், பெயர்ப் பட்டியலில் அவருடைய கையொப்பமும் இருந்தால் பிறகு வாக்குவாதம் எழாது. புகழ்பெற்ற விளையாட்டு அணி, கார்ட்டூன் பாத்திரம், வணிகச் சின்னம் ஆகியவற்றை உரிமையாளரின் அனுமதியின்றித் தைத்து விற்பது சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். கோப்பு இணையத்தில் விலைக்குக் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது.

ஒரு மெஷினால் முடியாத அளவுக்கு ஆர்டர் வந்தால், முதலில் பல ஹெட் மெஷின் வைத்திருக்கும் பெரிய கூடத்துக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். மாதிரியையும் நூல் எண்களையும் நாமே கொடுத்துவிட்டால் நிறம் மாறாது. அந்த நிலை நீடித்தால் புதிய மெஷினைப் பற்றி யோசிக்கலாம். ஒரே லோகோ நூற்றுக்கணக்கில் வருமானால் பல ஹெட் மெஷின் பொருந்தும். பத்தும் இருபதுமாகப் பல டிசைன்கள் வருமானால் இரண்டாவது ஒற்றை ஹெட் மெஷினே மேல். இரண்டிலும் வெவ்வேறு வேலை ஓடும், ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்காது. அதை முதல் மெஷினின் ஃப்ரேம்களும் ஊசிகளும் பாபினும் பொருந்தும் வகையில் தேர்ந்தெடுத்தால், கையிருப்பை இரட்டிப்பாக்க வேண்டியிருக்காது.