வெள்ளத்தில் மூழ்கிய நெல்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

"நெல்லு தண்ணிப் பயிர்தானே, நாலு நாள் மூழ்கினா என்ன?" ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா வயல்கள் ஏரிபோல் நிறையும்போது இந்தப் பேச்சு காதில் விழும். முதல் தவறே இதுதான். நெல் இலை வழியாக வாங்கும் காற்றை, உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாக வேர்வரை இறக்கிக்கொள்கிறது. அதனால்தான் சேற்றில் நிற்க முடிகிறது. இலை நுனியும் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபடும். காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். வயலை முழுவதும் வடிக்க வழியில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். நுனி வெளியே தெரியும் அளவுக்கு நீரைக் குறைத்தாலே பயிர் மூச்சு விடும்.

மூழ்கிய செடி ஈஸ்ட் செய்வதையே செய்கிறது: சர்க்கரையை அரைகுறையாக உடைத்து ஆல்கஹால் ஆக்குகிறது. அந்த ஆல்கஹால்தான் பயிரைக் கொல்கிறது என்று நினைக்க வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீரில் கசிந்து போய்விடும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறக்குறைய 30 ஏடிபி ஆற்றல் மூலக்கூறுகள் கிடைக்கும். நொதித்தலில் கிடைப்பது 2 மட்டுமே. அதனால் கையிருப்புச் சர்க்கரை மளமளவென்று கரைகிறது. அது தீர்ந்தால் பட்டினிதான். கலங்கிய நீரில் வெளிச்சமும் இறங்காது என்பதால் புதிதாகச் சர்க்கரை செய்யவும் வழியில்லை. மூழ்கிய வயலில் காரணமில்லாமல் இறங்கிச் சேற்றைக் கலக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

"பயிர் நீண்டு வருது, தப்பிச்சிடும்" என்று மகிழ்வது இன்னொரு தவறு. செடி தானே உண்டாக்கும் எத்திலீன் வாயு நீரில் வெளியேற முடியாமல் செடிக்குள் தேங்கி, அதை நீளச் சொல்கிறது. மாதக்கணக்கில் நீர் நிற்கும் ஆழ்நீர் நெல்லுக்கு அந்த நீட்சி உயிர் காக்கும். ஒரு வாரம், பத்து நாளில் வடியும் வெள்ளத்திலோ இருக்கிற சர்க்கரையை வீணடித்து, நீர் வடிந்ததும் பயிரைச் சாய்த்துவிடும். ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ மரபணு இந்த நீளும் ஆசையை அடக்குகிறது. செடி நீளாமல், கையிருப்பைக் காத்து அடங்கிக் கிடக்கும். அந்த மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப்1 போன்ற ரகங்கள் சுமார் இரண்டு வாரம்வரை மூழ்கியும் பிழைப்பது இப்படித்தான். அடிக்கடி மூழ்கும் பள்ளக்கால் வயலுக்கு ரகம் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிப்பது நல்லது.

விதையிலும் கவனம் வேண்டும். கோதுமை விதை ஆக்சிஜன் இல்லாமல் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் திணறும். நெல் விதைக்கு அது முடியும். ஆனால் நீருக்கடியில் முளைக்குருத்து மட்டும் நீளும், வேர் பிடிக்காது. பெரும்பாலான ரகங்கள் அத்தோடு நின்றுவிடும். ஆகவே பள்ளத்தில் நீர் தேங்கி விதை மூழ்காதபடி, நேரடி விதைப்பு வயலைச் சமப்படுத்தாமல் விடாதீர்கள்.

அப்புறம் யூரியா. தண்ணீர் வடிந்த அன்றே அதைத் தூவாதீர்கள். திடீரென்று வெயிலும் ஆக்சிஜனும் பட்டதில் இலைகள் ஏற்கெனவே காயப்பட்டிருக்கும். ஐந்தாறு நாள் கழித்து, புது இலை வந்த பிறகு இடுவதுதான் பலன் தரும்.

இலை அழுகியதும் உழுதுவிடுவதும் அவசரம். நாலைந்து செடிகளைப் பிடுங்கி அடிப்பகுதியைப் பிளந்து பாருங்கள். குருத்து உறுதியாக, வெளிர்பச்சையாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்து, செத்த இடங்களில் அதே வயலில் நன்கு தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நடலாம்.