லாஞ்ச் கன்ட்ரோல்: கிளட்ச்சைக் கொல்லும் அவசரம்

நின்ற இடத்திலிருந்து மிக வேகமாகக் கிளம்ப, எஞ்சின் சுழற்சியையும் கிளட்ச்சையும் கணினியே பார்த்துக்கொள்ளும் வசதிதான் லாஞ்ச் கன்ட்ரோல். வேகக் கார் வாங்கிய கையோடு பந்தயத் தடத்துக்கு வருபவர்களின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளை வருபவர்களெல்லாம் வரிசையாகச் செய்கிறார்கள். எஞ்சின் சூடேறட்டும், சீட் பெல்ட் போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

பிரேக்கை மெல்ல விடுவது

இடது கால் பிரேக்கை இறுக அழுத்தியிருக்கிறது. வலது கால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்கிறது. எஞ்சின் ஒரே சுழற்சியில் உறுமிக்கொண்டு நிற்கிறது. இனி பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். பயத்தில் பலர் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். அப்போது கிளட்ச்சும் பிரேக்கும் மல்லுக்கட்டுகின்றன. சில கார்களில் கணினி குழம்பி முறையையே ரத்து செய்துவிடும். தயக்கம் இருந்தால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பிவைத்துக்கொண்டு கிளம்புவது

வேண்டாம்.

ஆறவிடாமல் அடுத்தடுத்துக் கிளம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ்) கார் ஒன்றோடு வந்த இளைஞர், நண்பர்கள் கைபேசியில் படம் எடுக்க, இரண்டு முறை அருமையாகக் கிளம்பினார். போதும், இரண்டு சுற்று மெதுவாகப் போய் ஆறவிடுவோம் என்றேன். "வெப்ப மீட்டர் நடுவில்தானே இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு முறை சார்" என்றார். நான் இறங்கிக்கொண்டேன். அவர் கிளம்பினார். அந்த முறை கார் பாயவில்லை, உதறிக்கொண்டே நகர்ந்தது. கருகிய எண்ணெய் நாற்றம் நான் நின்ற இடம்வரை வந்தது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் தொகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த மீட்டரை நம்பியதுதான் கோளாறு. 1,600 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை கிளட்ச் வழுக்கியபடியே பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஒரே சுழற்சியில் நின்றால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு ஈடான ஆற்றல் கிளட்ச் தகடுகளில் வெப்பமாக இறங்கும். கணக்குப் போட்டால் சுமார் 100 கிலோஜூல். அவ்வளவும் ஏறக்குறைய ஒன்றரை நொடிக்குள், மெல்லிய சில தகடுகளின் மேல். மீட்டர் காட்டுவதோ மொத்த எண்ணெயின் வெப்பம். தகட்டின் மேற்பரப்பு பொசுங்கும் நேரத்திலும் முள் அசையாமல் இருக்கலாம். எண்ணெய் கருகிப் படிந்து, உராய்வுப் பூச்சு கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டால், அதன்பிறகு எவ்வளவு ஆறவிட்டாலும் பழைய பிடி திரும்பாது.

பந்தயக் கார்கள் தாங்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபார்முலா 1 போட்டிகளில் 2001 நடுவிலிருந்து 2003 வரை லாஞ்ச் கன்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது, 2004இல் தடை வந்தது. அந்தக் கார்கள் ஓட்டுநரோடு சேர்த்தே சுமார் 600 கிலோதான். கிளட்ச் கார்பனால் ஆனது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிரித்துப் பார்க்க ஒரு படையே இருந்தது. உங்கள் கார் அதைவிட இரண்டரை மடங்கு கனமானது, கிளட்ச்சும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது.

கையேட்டைப் படியுங்கள். பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில், ஒரு முறை பயன்படுத்திய பின் கியர்பாக்ஸ் ஆறுவதற்குச் சுமார் 5 நிமிடம் விடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் காரை நிறுத்திவைக்காமல் மெதுவாக ஓட்டுங்கள். அப்போதுதான் எண்ணெயும் சுழலும், ரேடியேட்டருக்குக் காற்றும் கிடைக்கும்.

டார்க் கன்வெர்ட்டர் காரில் பிடித்துக்கொண்டே நிற்பது

கிளட்ச்சுக்குப் பதிலாகத் திரவத்தின் வழியே எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் இந்தக் கார்களில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒருசேர மிதிபட்டிருக்கும்வரை, எஞ்சின் தரும் சக்தி வேறு போக்கிடம் இல்லாமல் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் திரவத்தைத்தான் சூடாக்குகிறது. சுழற்சி நிலைத்ததும் கிளம்பிவிடுங்கள். படம் எடுப்பவருக்காகக் காத்திருக்காதீர்கள்.

சக்கரம் துள்ளும்போது அழுத்திக்கொண்டே போவது

டயர் பிடித்தும் விட்டும் துள்ளினால் அச்சுத்தண்டு ஒவ்வொரு துள்ளலுக்கும் முறுக்கடி வாங்குகிறது. தடதடவென்ற சத்தம் கேட்டதும் காலை எடுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் தடுக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அதற்காக அதை அணைத்துவிடவும் வேண்டாம். முழுவதுமாக அணைத்துவிட்டு வருபவர்களிடம்தான் தண்டு முறிவதைப் பார்த்திருக்கிறேன்.

பொதுச் சாலையில்

கூடவே கூடாது.

பழைய கார் வாங்கும்போது கேட்காமல் விடுவது

சில கார்களின் கணினி, லாஞ்ச் கன்ட்ரோல் எத்தனை முறை பயன்பட்டது என்று எண்ணிப் பதிந்துவைக்கும். விற்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், பணம் கொடுக்கும் முன் அந்தப் பதிவைப் பணிமனையில் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.