64 படங்கள், 2 பேர்: அல்சைமர் தரவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைப் படங்களை வைத்துக் கணினியால் அல்சைமர் மறதிநோயைக் கண்டறியும் புராஜெக்ட் என்று சொல்லிக்கொண்டு இறுதியாண்டு மாணவர்கள் வந்தால், துல்லியம் எத்தனை சதவீதம் என்று நான் கேட்பதில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்பேன். "6,400 சார்" என்பார்கள். அது படங்களின் எண்ணிக்கை. ஆட்கள் எத்தனை என்றால் முழிப்பார்கள்.

காகிள் என்ற தரவுப் பகிர்வு தளத்தில் பரவலாகப் புழங்கும் அந்த மூளை எம்ஆர்ஐ தொகுப்பில் நான்கு ஃபோல்டர்கள். மறதிநோய் இல்லாதவர்கள் 3,200 படங்கள், மிக லேசானது 2,240, லேசானது 896, நடுத்தரம் 64. நான்கையும் 32ஆல் வகுத்துப் பாருங்கள்: 100, 70, 28, 2. மீதியே வராது. இப்போது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓயாசிஸ்-1 தொகுப்புக்கு வாருங்கள். அதில் 416 பேர். மறதிநோயின் தீவிரத்தைச் சொல்லும் சிடிஆர் அளவில் 0.5 பெற்றவர்கள் 70 பேர், 1 பெற்றவர்கள் 28 பேர், 2 பெற்றவர்கள் இரண்டே பேர். ஒவ்வொருவரின் மூளை ஸ்கேனிலிருந்தும் குறுக்குவெட்டாக 32 வெட்டுப்படங்கள் எடுத்து அடுக்கியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்தான். ஆனால் மூன்று எண்கள் இவ்வளவு ஒட்டிப்போவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஊகம் சரியென்றால், 'நடுத்தர மறதிநோய்' என்ற வகையே இரண்டு மனிதர்களின் மூளைதான்.

இந்தப் படங்களைக் குலுக்கி, மாடலின் பயிற்சிக்கு 80 சதவீதம், சோதனைக்கு 20 என்று பிரித்தால் என்ன ஆகும்? ஒருவருடைய 15ஆவது வெட்டு பயிற்சிப் பக்கமும் 16ஆவது வெட்டு சோதனைப் பக்கமும் போய் விழும். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்கூட இருக்காது. மாடல் நோயைக் கற்பதில்லை, ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது. 99 சதவீதம் வந்துவிடும், வைவாவில் கைதட்டலும் கிடைக்கும். மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எம்ஆர்ஐ படங்களை வைத்து அல்சைமரைக் கண்டறியும் ஆய்வுகளை 2020இல் அலசிய ஒரு கட்டுரை, பார்த்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தத் தரவுக் கசிவு இருந்திருக்கலாம் என்றது.

முதலில் ஆட்களைப் பிரியுங்கள், பிறகு படங்களை வெட்டுங்கள். கோப்புப் பெயரில் ஆளின் எண் இல்லையென்றால் அந்தத் தொகுப்பை ஓரமாக வைத்துவிட்டு மூலத்துக்கே போய்விடுங்கள்.

மூலம் என்றால் பெரும்பாலும் ஆட்னிதான், அல்சைமர் உள்ளவர்களையும் நலமானவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு. 2004இல் மைக்கேல் வீனர் தலைமையில் அமெரிக்காவில் தொடங்கியது. அரசுப் பணமும் மருந்து நிறுவனங்களின் பணமும் சேர்ந்தது. தரவுகள் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லோனி என்ற தரவுத் தளம் வழியாகக் கிடைக்கின்றன. ஆட்னியில் ஒவ்வொருவருக்கும் ஆர்ஐடி என்று ஓர் எண் உண்டு. ஆனால் ஒரே ஆள் முதல் வருகை, 6ஆம் மாதம், 12ஆம் மாதம் என்று பல வரிகளில் வருவார். வரிகளை ஆட்களாக எண்ணினால் பழைய குழியில்தான் மறுபடி விழுவீர்கள்.

அடுத்தது, விடையையே கேள்வியாக வைப்பது. எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் அறிவாற்றல் தேர்வின் மதிப்பெண்ணையும் சிடிஆரையும் உள்ளீடாகக் கொடுத்து, நோய் உண்டா இல்லையா என்று கணிக்கிறார்கள். ஆட்னியின் முதல் கட்டத்தில் ஆட்களைச் சேர்த்ததே அந்த எண்களை வைத்துத்தான்: நலமானவருக்கு எம்எம்எஸ்இ 24 முதல் 30, சிடிஆர் 0, லேசான அல்சைமர் உள்ளவருக்கு எம்எம்எஸ்இ 20 முதல் 26, சிடிஆர் 0.5 அல்லது 1. உங்கள் மாடல் கண்டுபிடித்தது சேர்க்கை விதியை. அதைத் தெரிந்துகொள்ள கணினி எதற்கு, விதிமுறை ஆவணத்தைப் படித்தாலே போதுமே.

அட்டவணைத் தரவு வரும் சிஎஸ்வி கோப்புகளிலும் பொறிகள் உண்டு. ஒருமுறை நினைவாற்றல் தேர்வு ஒன்றின் குறைந்தபட்ச மதிப்பெண் −4 என்று எனக்கு வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே மதிப்பெண்ணே இல்லாத தேர்வு அது. −4 என்பது 'தரவு இல்லை' என்பதற்கான குறி. நான் அதையும் சேர்த்துச் சராசரி போட்டு இரண்டு நாள் வேலை பார்த்திருந்தேன்.

இதைவிட மோசமானது சத்தமே போடாத பிழை. தண்டுவட நீரில் அமிலாய்டு-பீட்டா 42 அளக்கும் எலெக்சிஸ் சோதனையின் மேல் வரம்பு 1700. அதைத் தாண்டினால் கோப்பில் '>1700' என்று எழுத்தாக நிற்கும். எண்ணாக மாற்று, முடியாததை விட்டுவிடு என்று சொன்னால் பைதான் அதை வெற்றிடமாக்கிவிடும், வெற்றிட வரிகளை நீங்கள் நீக்கிவிடுவீர்கள். அல்சைமரில் இந்தப் புரதம் மூளையில் படிந்து, தண்டுவட நீரில் குறைகிறது. ஆக, நீங்கள் தூக்கியெறிந்தது இந்த அளவில் மிக நலமாக இருந்தவர்களை.

ஸ்கேனரையும் கவனியுங்கள். ஆட்னியின் முதல் கட்டத்தில் பிரதானம் காந்த வலிமை 1.5 டெஸ்லா கொண்ட இயந்திரங்கள், பின்வந்த கட்டங்களில் 3 டெஸ்லா. நலத்துக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட 'தொடக்கநிலை லேசான அறிவாற்றல் குறைபாடு' என்ற பிரிவே பிந்தைய கட்டத்தில்தான் வந்தது. கட்டங்களைக் கலந்து, அந்தப் பிரிவைப் பிற பிரிவுகளிலிருந்து அழகாகப் பிரித்துக் காட்டும் மாடல், இயந்திரங்களைப் பிரித்திருக்கவும் கூடும்.

பிறகு, யாருடைய தரவு இது? ஆட்னியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சராசரியாக 16 ஆண்டுகள் அளவுக்குப் படித்தவர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நம் ஊர்ப் பாட்டிக்கு அவர்களுக்கு வகுத்த மதிப்பெண் எல்லையை அப்படியே வைக்க முடியாது. எம்எம்எஸ்இயில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள்; எழுதப் படிக்கத் தெரியாதவர் அங்கேயே மதிப்பெண் இழப்பார், மறதியால் அல்ல. இந்தியாவுக்கு, முதியோரின் மறதிநோயை ஆராயும் லாசி-டாட் ஆய்வு இருக்கிறது. அதன் முதல் சுற்றில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 4,096 பேர். எழுத்தறிவு இல்லாதவர்களையும் மனத்தில் வைத்துத் தேர்வுகளை மாற்றியமைத்தார்கள். அதைத் தொடாமல் 'இந்தியச் சூழலுக்கான மாடல்' என்று தலைப்பு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியாக, ஆட்னியின் தரவு ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. பங்கேற்றவர்களை அடையாளம் காண முயலக் கூடாது, தரவைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் பதிவிறக்குகிறீர்கள். முகப்பகுதி நீக்கப்படாத எம்ஆர்ஐ கோப்பிலிருந்து ஒருவரின் முகத்தையே கணினியில் மீட்டெடுக்கலாம். அதை கிட்ஹப் போன்ற நிரல் பகிர்வு தளத்திலோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலோ போடுவதும் கைமாற்றுவதுதான். நண்பனுக்கும் வேண்டுமென்றால் அவனும் விண்ணப்பிக்கட்டும். கட்டணம் ஒன்றும் கிடையாது.