மிதிவண்டியின் ஹைட்ராலிக் பிரேக்கில் எதை எதனோடு சேர்க்கலாம்?

எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும் முன், பிரேக் பிடியின் மூடியிலோ காலிப்பரிலோ (பேடுகளால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி) பொறிக்கப்பட்டுள்ள திரவத்தின் பெயரைப் படியுங்கள். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ ஆகியவை மினரல் ஆயிலையும், ஹோப் நிறுவனம் டாட் (DOT) என்ற தரக்குறியீடுள்ள பிரேக் திரவத்தையும் பயன்படுத்துகின்றன. ஸ்ராம் நீண்டகாலம் டாட் 5.1ஐப் பயன்படுத்தியபோதிலும் அதன் டிபி8, மேவன் மாதிரிகளுக்கு மினரல் ஆயிலே உரியது என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

டாட் பிரேக்குகளில் வழக்கமாக உள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் சீல்கள், மினரல் ஆயில் பட்டால் உப்பிவிடும்; பிஸ்டன் பின்வாங்காமல் பேடுகள் டிஸ்க்கை உரசும், பிடியும் மெதுவாகவே திரும்பும். மினரல் ஆயிலுக்கான சீல்களை டாட் திரவம் கெடுக்கும். தவறான திரவம் உள்ளே போயிருந்தால், அதை வடித்துவிட்டுச் சரியானதை நிரப்புவது போதாது. சீல்கள், குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், சீல் தனியே கிடைக்காவிட்டால் முழு பிரேக்கையுமே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

டாட் 4, டாட் 5.1 இரண்டும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. ஆனால் டாட் 5 சிலிக்கோன் என்பதால் அவற்றோடு சேராது. பெயரிட்டவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

ஷிமானோ பிடியோடு மகுராவின் நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பலர் இணைத்து ஓட்டுகிறார்கள். திரவம் ஒரே இனமாயினும், குழாய்க்கேற்ற ஆலிவையும் (இணைப்பை இறுக்கும் சிறு உலோக வளையம்) குழாய் முனைக்குள் நுழைக்கும் செருகியையும் பொருத்தி, காற்றை முழுமையாக வெளியேற்றி, பிடியை இறுக அழுத்திக் கசிவு பார்த்த பிறகே சாலையில் இறங்குங்கள்.