காட்டு பீன்ஸின் வகைப்பாட்டையும் இயற்கைப் பரவலையும் உறுதிசெய்யும் முறை

பீன்ஸ் பயிரின் காட்டு வடிவம் வடக்கு மெக்சிகோ முதல் வடமேற்கு அர்ஜென்டினா வரை இன்றும் தானாகவே வளர்கிறது. அதன் மாதிரி கைக்கு வந்தால் முதலில் வகைப்பாட்டையும், அது உறுதியான பிறகே பரவலையும் பார்க்க வேண்டும். பெயர் தவறிய மாதிரியைக் கொண்டு வரைபடத்தில் வைக்கும் ஒரு புள்ளி, அதை நம்பி எடுக்கும் முடிவுகளையெல்லாம் கெடுத்துவிடும்.

குடும்பம் ஃபேபேசியே, அதாவது அவரைக் குடும்பம். பேரினத்தை அறியப் பூவின் படகு அல்லியை (பூவின் அடிப்புறத்தில் படகு போல இணைந்திருக்கும் இதழ்களை) பாருங்கள்: அதன் நுனி ஒரு சுற்றுக்கு மேல் இறுகச் சுருண்டிருந்தால் அது ஃபேசியோலஸ். பச்சைப்பயறும் உளுந்தும் முன்பு இதே பேரினத்தில் வைக்கப்பட்டு, பின்னர் விக்னா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டவை என்பதால், பழைய உலர்தாவரத் தாளில் (உலர்த்திய செடியை ஒட்டிப் பெயரெழுதிய தாளில்) உள்ள பெயரை அப்படியே ஏற்கக் கூடாது.

பீன்ஸுக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயர் ஃபேசியோலஸ் வல்காரிஸ். இதை, இதன் நெருங்கிய உறவான ஃபேசியோலஸ் காக்சினியஸிலிருந்து பிரித்தறிய எளிய வழி விதையை முளைக்கவிடுவதே. காட்டு விதையின் தோல் நீரை எளிதில் உள்ளே விடாது. ஆகவே விதைத்தழும்புக்கு (விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின் வடுவுக்கு) எதிர்ப்பக்கத்தில் லேசாகக் கீறி ஊறவைக்க வேண்டும். வல்காரிஸின் விதையிலைகள் மண்ணுக்கு மேலே வரும். காக்சினியஸில் அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

அடுத்த படிதான் மிகுந்த கவனம் கேட்பது: மாதிரி உண்மையிலேயே காட்டுச் செடியா, வயலிலிருந்து தப்பியதா, இரண்டும் கலந்ததா? காட்டுச் செடியின் காய் உலர்ந்ததும் இரு ஓடுகளும் திருகிப் பிளந்து விதைகளைத் தெறிக்கவிடும். விதைகள் சிறியவை, பெரும்பாலும் சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகள் கொண்டவை. பெரிய விதைகளோ, உலர்ந்தும் பிளக்காத காய்களோ இருந்தால், அந்த இடத்தை இயற்கைப் பரவலில் சேர்க்காமல் தனிக் குறியிட்டு வைப்பதே நேர்மை. ஒரே செடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; கலப்பு நடந்த கூட்டத்தில் இருவகைக் காய்களும் அருகருகே இருக்கும்.

வரைபடத்தில் இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் வண்ணமிடுவது தவறு. மெசோஅமெரிக்கம் (மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சார்ந்தது), ஆண்டிஸ் என்னும் இரு பெரும் மரபணுக் குழுக்களைத் தனித்தனியே காட்டுங்கள். எக்குவடோரிலும் வடக்கு பெருவிலும் உள்ள சிறு கூட்டத்தை, 2017-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு ஃபேசியோலஸ் டெபூக்கியை என்ற தனிச் சிற்றினமாக முன்மொழிந்தது. அதற்குத் தனி நிறம் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு புள்ளியுடனும் கடல்மட்ட உயரம், சுற்றியுள்ள தாவர வகை, மிக அருகிலுள்ள பீன்ஸ் வயலின் தொலைவு ஆகியவற்றைப் பதிவுசெய்யுங்கள்.