கணித மேக்ரோ எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருக்குப் பொறியியல் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்காக, ஞாயிறுதோறும் அல்சூரில் நண்பர்கள் மூவர் கூடி, அணிகளையும் வெக்டர்களையும் பற்றித் தமிழில் இணையக் குறிப்புகள் எழுதி வருகிறோம். மெய்யெண் கணத்தைக் குறிக்கும் இரட்டைக்கோட்டு ஆர் எழுத்து ஒரே பக்கத்தில் பலமுறை வரும்போது, கணிதம் எழுதப் பயன்படும் லேடெக் மொழியின் நீண்ட கட்டளையை ஒவ்வொரு முறையும் தட்டாமல் அதற்கொரு சிறு பெயர் வைத்துக்கொள்கிறோம். இந்தச் சிறு பெயரே மேக்ரோ; லேடெக் சமன்பாடுகளை இணையப் பக்கத்தில் காட்டும் மேத்ஜாக்ஸ், கேடெக் நிரல்கள் இரண்டிலும் அதை வரையறுக்கலாம். ஆனால் மேக்ரோவில் செய்யும் பிழை ஒரு சமன்பாட்டோடு நிற்பதில்லை. அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் பரவுகிறது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது, லேடெக் கட்டளைகளின் முன்னால் வரும் பின்சாய்கோடு. பக்கத்தின் அமைப்புப் பகுதியில் மேக்ரோவை எழுதும்போது அது ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள் (மேற்கோள் குறிகளுக்குள் வரும் எழுத்துத் தொடருக்குள்) இருக்கிறது; அங்கே பின்சாய்கோட்டுக்குத் தனிப் பொருள் உண்டு என்பதால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். ஒற்றையாக எழுதினால் இரட்டைக்கோட்டு ஆர் வராது. அதை வரவழைக்கும் 'மேத்பிபி' என்ற கட்டளைப் பெயரின் ஆங்கில எழுத்துகளே சாய்வெழுத்தில் வரிசையாக வந்து நிற்கும். 'டெக்ஸ்ட்' கட்டளையில் விளைவு இன்னும் குழப்பமானது: பின்சாய்கோடும் முதல் எழுத்தும் சேர்ந்து டேப் இடைவெளியாகிவிட, மீதி எழுத்துகள் மட்டும் திரையில் தெரியும். முதல் எழுத்து காணாமற்போயிருந்தால் வேறெங்கும் தேடாமல் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே மேக்ரோவைப் பக்கத்தின் உடலில், கணிதக் குறிகளுக்கு நடுவே 'நியூகமாண்ட்' என்ற வரையறைக் கட்டளை கொண்டு வரையறுத்தால் ஒற்றைக் கோடே போதும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வெட்டி ஒட்டும்போதுதான் பிழை நுழைகிறது.

அடுத்தது அடைப்புக்குறி. அரை என்ற மதிப்புக்கு 'ஹாஃப்' என்று பெயரிட்டு, அதன் பொருளாக 1/2 என்று மட்டும் எழுதியிருந்தோம். எக்ஸின் அடுக்காக அதை இட்டபோது 1 மட்டும் மேலே ஏறியது; சாய்கோடும் 2 என்ற எண்ணும் கீழ்வரியிலேயே தங்கிவிட்டன. எக்ஸின் வர்க்கமூலம் எக்ஸின் பாதியாக மாறிவிட்டது. படிக்கும் மாணவருக்கு அது அச்சுப்பிழையாகக்கூடத் தோன்றாது என்பதே எனக்குக் கவலை. மேக்ரோவின் பொருள் முழுவதையும் நெளிவடைப்புக்குள் வைத்துவிட்டால் அது எங்கே போனாலும் ஒரே உறுப்பாக நடந்துகொள்ளும்.

பெயரிடுவதிலும் கவனம் தேவை. பெயரில் எண் சேர்க்க முடியாது: 'வெக்1' என்று எழுதினால் 'வெக்' என்ற கட்டளையும் அதையடுத்து 1 என்ற எண்ணுமாகவே அது படிக்கப்படும். ஏற்கெனவே இருக்கும் பெயரை நியூகமாண்டால் மீண்டும் வரையறுத்தால் உண்மையான லேடெக் பிழை காட்டி நிறுத்தும். மேத்ஜாக்ஸ் ஒன்றும் சொல்லாமல் பழைய பொருளை அழித்துவிடும். ஏற்கெனவே இருக்கக்கூடிய ஓரெழுத்துப் பெயர்களைத் தவிர்ப்பதற்கு இதுவே போதுமான காரணம். அணியின் தரம் போன்ற கணிதச் செயலிப் பெயர்களை வெறும் நேரெழுத்தாக வரையறுக்காமல் 'ஆபரேட்டர்நேம்' கட்டளையால் வரையறுத்தால், பக்கத்திலுள்ள எழுத்தோடு ஒட்டாமல் உரிய இடைவெளி கிடைக்கும்.

2019இல் மேத்ஜாக்ஸ் 3 வந்தபோது அமைப்பு எழுதும் முறையே மாறியது. இரண்டாம் பதிப்புக்கான பழைய துண்டை அப்படியே ஒட்டினால் மேக்ரோ வேலை செய்யாது; கட்டளைப் பெயர் சிவப்பு எழுத்தில் தெரியும். மேத்ஜாக்ஸ் நிரலை அழைக்கும் வரிக்கு முன்பே அமைப்பு இருக்க வேண்டும்.

கேடெக்குக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேத்ஜாக்ஸில் ஒரு சமன்பாட்டில் வரையறுத்தது அதன்பின் பக்கம் முழுவதும் செல்லும். கேடெக்கில் நியூகமாண்டால் வரையறுத்தது இயல்பாக அந்தச் சமன்பாட்டோடு முடிந்துவிடும். ஆகவே பொதுவான மேக்ரோக்களை அமைப்பிலேயே கொடுப்பது நல்லது. மேத்ஜாக்ஸ் பக்கத்தில் வலச்சொடுக்கி டெக்ஸ் வடிவை, அதாவது சமன்பாட்டின் லேடெக் மூலத்தை, நகலெடுக்கும் மாணவருக்கு நமது சிறு பெயர்தான் கிடைக்கும், அதன் பொருள் கிடைக்காது. அதனால் எங்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேக்ரோக்களின் முழு வரையறையையும் தனியே எழுதி வைக்கிறோம்.