ஊரில் இளவயதினருக்குப் புற்றுநோய் கூடியிருக்கிறதா? கணக்கிட்டுப் பார்க்கும் வழி

ஒரே தெருவில் மூன்று பேர், மூவரும் நாற்பதைத் தாண்டாதவர்கள். இப்படி ஒரு செய்தி வந்ததும் ஊர் முதலில் கேட்பது "எதனால்?" என்றுதான். தண்ணீரா, பூச்சிமருந்தா, டவரா என்று பேச்சு ஓடும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தனை பேர் கொண்ட ஊரில், இந்த வயதில், இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேருக்கு வருவது வழக்கம்? அந்த எண் கையில் இல்லாமல் காரணம் தேடப் போனால், பத்து பேர் பத்து காரணம் சொல்வார்கள். ஒன்றையும் மெய்ப்பிக்க முடியாது.

உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது. ஆகவே எந்த ஊரில் தேடினாலும் நோயாளிகள் கிடைப்பார்கள். இளவயதில் எண்ணிக்கை குறைவு என்பதால் இரண்டு மூன்று பேர் கூடினாலே பெரிதாகத் தெரியும். கீழே உள்ள கணக்கைச் சுகாதாரப் பணியாளரோ ஆசிரியரோ, எக்செல் தெரிந்த ஓர் இளைஞரோ இரண்டு மூன்று மாதத்தில் செய்துவிடலாம்.

முதலில் எல்லை, பிறகுதான் எண்ணிக்கை

நான்கு விஷயங்களைத் தாளில் எழுதித் தேதி போட்டுவிடுங்கள்: எந்தெந்த ஊர்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த வயது, எந்தப் புற்று. எழுதிய பிறகு மாற்றக் கூடாது.

இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். நோயாளிகள் இருக்கும் தெருவைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு "இந்தத் தெருவில் எவ்வளவு பாருங்கள்" என்பது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்துவிட்டுக் குறி தப்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏற்கெனவே வரையறுத்துள்ள எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை எண்ணும் அதே எல்லைக்குத்தான் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

வயதுக்கு 15–39 என்பது ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் வரம்பு. 50 வயதுக்கு உட்பட்டோர் என்ற வரம்பும் உண்டு. பெருங்குடல் புற்று பற்றிப் பேசும்போது அதுதான் பொருத்தம். காலம் 10 முழு ஆண்டுகளாவது இருக்கட்டும், 5 ஆண்டுக்குக் குறையவே வேண்டாம். நடப்பு ஆண்டைச் சேர்க்காதீர்கள். பாதி ஆண்டின் நோயாளிகளை முழு ஆண்டின் மக்கள்தொகையால் வகுத்துவிடும் அபாயம் உண்டு.

பெயர்ப்பட்டியல்

ஒருவருக்கு ஒரு வரி. பிறந்த தேதி, பாலினம், நோய் உறுதியான நாள், அன்றைக்குக் குடியிருந்த ஊர், புற்று தொடங்கிய உறுப்பு, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) நடந்ததா, அறிக்கையைக் கண்ணால் பார்த்தோமா, இத்தனையும் தனித்தனிக் கட்டங்களில் வேண்டும். வயதை வாயால் கேட்டால் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று உருண்டையாகத்தான் வரும். 41 வயதுக்காரர் நாற்பதுக்குள் நுழைந்துவிடுவார். அடையாள அட்டையைப் பாருங்கள்.

குடியிருப்பு விதி ஒன்றுதான்: நோய் உறுதியான நாளில் எங்கே வசித்தார்? வெளியூரில் வேலை பார்த்தவர் நோய் வந்த பிறகு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். கிராமங்களில் இது மிகச் சாதாரணம். இவர்களைச் சேர்த்துவிட்டால் கணக்கு தானாகவே வீங்கும். மறுபுறம், மருத்துவமனை வசதிக்காக நகரத்து உறவினர் முகவரியைக் கொடுத்தவர்கள் விடுபட்டிருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். ஊரில் வளர்ந்து வெளியே போய் அங்கே நோய் வந்தவர்களுக்குத் தனித்தாள் போடுங்கள். பின்னால் காரணம் தேடும் கட்டத்தில் அந்தத் தாள் உதவும்.

"கட்டி" என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். சீழ்க்கட்டியும் கட்டிதான், கருப்பை நார்க்கட்டியும் கட்டிதான், புற்றும் கட்டிதான். "வயித்துல கட்டி, ஆபரேஷன் பண்ணாங்க" என்று வீட்டார் சொன்னதை அப்படியே புற்று என்று எழுதிக்கொள்ளக் கூடாது. அறிக்கையில் புற்று வகைக்கான எண் இருந்தால் சாய்கோட்டுக்கு (/) பின்னால் உள்ள இலக்கத்தைப் பாருங்கள்: 3 என்றால் ஊடுருவும் புற்று, 2 என்றால் முளைத்த இடத்தைத் தாண்டாதது, 0 என்றால் சாதாரணக் கட்டி. 3 மட்டும் கணக்கில் வரும். 2-ஐச் சேர்ப்பதானால், பின்னால் ஒப்பிடப்போகும் புற்றுநோய்ப் பதிவேடும் (ஒரு பகுதியில் யாருக்கெல்லாம் புற்று வந்தது என்ற தொகுப்பு) அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமான பிழை, பரவிய இடத்தை நோய் தொடங்கிய இடமாக எழுதுவது. மார்பகத்தில் தொடங்கிக் கல்லீரலுக்குப் போன நோயை வீட்டில் "ஈரல் கேன்சர்" என்பார்கள். இப்படி இரண்டு மூன்று நடந்தாலே ஊரில் கல்லீரல் புற்று பெருகிவிட்டதுபோல் தோன்றும்.

பட்டியலை யாரிடம் வைப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். சிறிய ஊரில் "32 வயது, பெண், ரத்தப் புற்று, கிழக்குத் தெரு" என்று எழுதினாலே போதும், பெயர் எழுதியதற்குச் சமம். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பெயருள்ள தாள் ஒருவரிடம் மட்டும் பூட்டில் இருக்கட்டும். கணக்குப் போடுபவருக்கு எண் மட்டும் போகட்டும்.

வகுக்கும் எண்

நோயாளிகளை எண்ணுவதற்குக் காட்டும் அக்கறையில் பாதிகூட மக்கள்தொகைக்கு யாரும் காட்டுவதில்லை. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறும் ஊரில் இதுவே கணக்கைக் கவிழ்க்கும். பத்தாண்டுக்கு முன் 15–39 வயதில் 4,600 பேர் இருந்து, இன்று 3,400 ஆகியிருந்தால், சராசரி 4,000. அதைப் பத்தாண்டால் பெருக்கினால் 40,000 ஆள்-ஆண்டுகள் (ஒருவர் ஓராண்டு ஊரில் இருந்தால் ஓர் ஆள்-ஆண்டு). இன்றைய 3,400-ஐ மட்டும் எடுத்தால் 34,000 ஆள்-ஆண்டுகள்தான் வரும், நோய்விகிதம் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் பொய்யாக உயர்ந்துவிடும்.

மொத்தமாக ஓர் எண் போதாது. ஐந்தைந்து வயதாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் 37 வயதுக்காரரின் ஆபத்து 17 வயதுக்காரரின் ஆபத்தைப்போல் பல மடங்கு. முடிந்தால் ஆண், பெண் தனியாகவும் பிரியுங்கள். மார்பகப் புற்றும் கர்ப்பப்பை வாய்ப் புற்றும் இந்த வயதில் பெண்களின் எண்ணிக்கையை மேலே தள்ளும்.

எதிர்பார்க்கும் எண்ணிக்கை

உங்கள் பகுதிக்கு மிக அருகிலுள்ள புற்றுநோய்ப் பதிவேட்டின் வயதுவாரி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேருக்கு ஆண்டுக்கு இத்தனை என்று கொடுத்திருப்பார்கள். மருத்துவமனைப் பதிவேடு உதவாது. அதில் வந்துபோனவர்கள்தான் இருப்பார்கள், எந்த மக்கள்தொகையிலிருந்து வந்தார்கள் என்பது இருக்காது. மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடுதான் வேண்டும்.

கணக்கு எப்படிப் போகிறது என்று காட்ட, கற்பனையான விகிதங்களை வைத்து ஒன்று. 15–19 வயதில் 9,000 ஆள்-ஆண்டு, விகிதம் லட்சத்துக்கு 12 என்றால் எதிர்பார்ப்பு 1.08 பேர். 20–24-இல் 8,000, விகிதம் 18: 1.44. 25–29-இல் 7,000, விகிதம் 30: 2.10. 30–34-இல் 8,000, விகிதம் 50: 4.00. 35–39-இல் 8,000, விகிதம் 85: 6.80. கூட்டினால் 15.42. அதாவது எந்தக் கோளாறும் இல்லாத ஊரிலேயே பத்தாண்டில் 15 பேருக்கு வரலாம், அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட கடைசி ஐந்து வயதில் மட்டும். இந்த எண்ணைக் கேட்டதும் பலர் திகைப்பார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது இரண்டோ மூன்றோதான்.

உங்கள் பட்டியலில் 19 பேர் என்றால், 19-ஐ 15.42-ஆல் வகுக்க 1.23. வழக்கத்தைவிட 23 சதவீதம் அதிகம் என்று உடனே அறிவித்துவிடாதீர்கள். சிறிய எண்கள் தற்செயலாகவே ஆடும். 19 என்ற எண்ணிக்கைக்கு 95 சதவீத எல்லை, அதாவது தற்செயல் ஆட்டத்தைக் கழித்தால் உண்மை அளவு பெரும்பாலும் அடங்கும் வரம்பு, 11.4 முதல் 29.7 வரை. இரண்டையும் 15.42-ஆல் வகுத்தால் 0.74 முதல் 1.92. இடையில் 1 இருக்கிறது, அதாவது எதிர்பார்த்த அளவேதான் என்பதற்கும் இடமுண்டு. ஆகவே இந்த 19 பேரை வைத்து அதிகம் என்று சொல்ல முடியாது.

மற்ற எண்ணிக்கைகளுக்கான எல்லைகள்: 3 பேர் என்றால் 0.6–8.8, 5 என்றால் 1.6–11.7, 8 என்றால் 3.5–15.8, 10 என்றால் 4.8–18.4, 15 என்றால் 8.4–24.7. இவற்றை உங்கள் எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் 1.1 பேர் எதிர்பார்த்த இடத்தில் 5 பேருக்கு லுக்கேமியா (ரத்தப் புற்று) என்றால், கீழெல்லையே 1.5 ஆகிவிடும். இதை மேலே கொண்டுபோகத்தான் வேண்டும். ஒரு விலக்கு: எந்த மூவரைப் பார்த்துச் சந்தேகம் கிளம்பியதோ, அந்த மூவரே சாட்சியாகவும் நிற்கக் கூடாது. அவர்களை எடுத்துவிட்டோ, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளைத் தனியாகப் பார்த்தோ மீண்டும் போட்டுப் பாருங்கள். போக்கு நிலைத்தால் வலு கூடும்.

பரிசோதனை கூடினாலும் எண்ணிக்கை கூடும். தென் கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்று 15 மடங்கானது, அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கை அசையவில்லை. கழுத்து ஸ்கேன் பரவலானதுதான் காரணம். உங்கள் ஊரில் முகாம் நடந்த ஆண்டுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் என்று வந்தால்

ஓரிடத்தில் புற்று கூடியிருக்கிறதா என்று அமெரிக்காவில் நடந்த 428 விசாரணைகளைத் தொகுத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் சந்தேகப்பட்டுப் பார்த்த புற்று வகைகள் மொத்தம் 567, எண்ணிக்கை கூடியது உறுதியானவை 72. காரணம் தெளிவாக நிலைநாட்டப்பட்டது ஒன்றே ஒன்று. இதைச் சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, ஆனால் சொல்லாமல் நம்பிக்கை ஊட்டுவதும் தவறு.

காரணம் கிடைத்த கிராமங்களில் ஓர் ஒற்றுமை உண்டு: பல வகைப் புற்று கலந்து வரவில்லை, அரிதான ஒரே வகை திரும்பத் திரும்ப வந்தது. துருக்கியின் கரைன் கிராமத்தில் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா. வீடு கட்டிய கல்லிலேயே எரியோனைட் என்ற நார்க்கனிமம் இருந்தது. பால்கன் பகுதி உழவர் கிராமங்களில் சிறுநீரகக் கோளாறோடு சிறுநீர்ப் பாதைப் புற்று. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச்செடி மாவில் கலந்தது. ஆகவே மார்பகம் 4, ரத்தம் 3, வயிறு 3, மூளை 2 என்று சிதறிக் கிடந்தால் ஒரே காரணம் இருக்கும் வாய்ப்பு குறைவு.

அடுத்தது காலம். போன ஆண்டு வந்த ஆலை இந்த ஆண்டு வந்த மார்பகப் புற்றுக்குக் காரணமாக முடியாது. ரத்தப் புற்றுக்கே சில ஆண்டுகள் தேவை, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல். இளவயதினர் விஷயத்தில் பின்னோக்கிப் போனால் குழந்தைப் பருவத்துக்கே வந்து நிற்போம். சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தாவில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்சனிக் மிக அதிகம். அதைக் கருவிலோ சிறுவயதிலோ பெற்றவர்களில், 30–49 வயதில் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் வழக்கத்தைவிட ஆறு மடங்குக்கு மேல். ஆகவே இன்றைய கிணற்றை மட்டும் சோதித்து நிறுத்தாமல், நோயாளி பத்து வயதில் எந்தக் கிணற்றில் குடித்தார் என்று கேளுங்கள்.

தண்ணீர் எடுப்பதானால் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனிப் புட்டி. பம்பை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிடியுங்கள். ஆர்சனிக்குக்கு ஆய்வகம் தரும், நைட்ரிக் அமிலம் விட்ட பிளாஸ்டிக் புட்டி. பூச்சிமருந்துக்குக் கருங்கண்ணாடிப் புட்டி. ஒன்றில் எடுத்ததை மற்றதற்கு அனுப்பினால் முடிவு வீண். ஆர்சனிக்குக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

கணக்கு 1-ஐத் தாண்டாவிட்டாலும் பார்க்க வேண்டியது

கிராமத்தில் இளையவர்கள் அதிகம் சாகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம், நோய் அதிகம் வராமலேயே. தாமதமாகக் கண்டுபிடித்தால் அதே 15 பேரில் இறப்பவர்கள் கூடுவார்கள். ஆகவே பட்டியலில் நான்கு தேதிகளுக்கு இடம் விடுங்கள்: முதல் அறிகுறி, முதல் மருத்துவர், பயாப்ஸி, சிகிச்சை தொடக்கம். ஒவ்வோர் இடைவெளியையும் நாட்களாக எழுதி ஏறுவரிசையில் அடுக்கினால், 19 பேரில் 10-ஆவது எண் நடுமதிப்பு. சராசரி எடுக்காதீர்கள், இரண்டு ஆண்டு தாமதித்த ஒருவர் மொத்தத்தையும் இழுத்துவிடுவார்.

முதல் இடைவெளி நீளம் என்றால் வீட்டில் அறிகுறியை மறைத்திருக்கிறார்கள், அல்லது போக வழியில்லை. இரண்டாவது நீளம் என்றால் மருத்துவரிடம் போயும் நோய் பிடிபடவில்லை. இளவயதில் இதுதான் மிகுதி: "இந்த வயதில் என்ன வரப்போகிறது" என்று மலத்தில் ரத்தத்துக்கு மூலம் என்றும், இரும்புச் சத்துக் குறைவுக்குச் சத்து மாத்திரை என்றும், மார்பில் கட்டிக்குப் பால்கட்டு என்றும் எழுதி அனுப்பிவிடுவது. இந்த இடைவெளியின் எண்ணை மட்டும், பெயர் எதுவும் இல்லாமல், ஆரம்ப சுகாதார மருத்துவரின் மேசையில் வைத்து, இந்த மூன்று புகார்களோடு வரும் ஐம்பதுக்கு உட்பட்டவர்களை எத்தனை நாளுக்குள் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அவரிடமே ஒரு தேதி கேட்டு வாங்குங்கள்.